பந்து தள்ளிய பனம்பழம்

வாசகர் கேள்விகள்

போன வாரம் விளையாட்டுப் புதிர் பக்கத்தில் ஆறாவது கேள்வி: ‘கால்பந்து ஆட்டத்துக்காகப் போரிட்ட இரு நாடுகள் எவை?’ விடை: எல் சால்வடார், ஹோண்டுராஸ். ஆண்டு 1969. அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான். முப்பது வருஷமாக விளையாட்டுப் பக்கம் பார்க்கிறேன். பக்கத்தில் இரண்டு அங்குலம் காலி விழும்போதெல்லாம் இந்தத் துணுக்கை எடுத்துத்தான் அடைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த வாரம் பத்தி முழுவதும் அதற்கே.

கேள்வி: ஒரு பந்தாட்டத்தில் தோற்றதற்காக ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படையெடுத்தது என்பது நம்பும்படி இல்லையே. நிஜமாகவே நடந்ததா? (கல்லூரி மாணவி ஒருவர்)

ஆட்டம் நடந்தது நிஜம். போர் நடந்ததும் நிஜம். நடுவில் அந்த ‘தோற்றதற்காக’ இருக்கிறதே, அது நிஜமில்லை. படையெடுத்தது ஜெயித்த நாடு! நான் எழுதிய துணுக்கில் இது இல்லவே இல்லை என்பதை இப்போது பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 1970 உலகக் கோப்பை மெக்சிகோவில். அதற்கான தகுதிச் சுற்றில் மத்திய அமெரிக்காவின் இந்த இரண்டு பக்கத்து நாடுகளும் மோதின. முதல் ஆட்டம் 1969 ஜூன் 8, ஹோண்டுராஸ் தலைநகர் டெகுசிகல்பாவில். எல் சால்வடார் வீரர்கள் தங்கியிருந்த ஹோட்டலைச் சுற்றி உள்ளூர் ரசிகர்கள் விடிய விடியக் கூச்சல் போட்டுத் தூங்கவிடவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல். ஹோண்டுராஸ் 1-0.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 15, எல் சால்வடார் தலைநகர் சான் சால்வடாரில் இரண்டாவது ஆட்டம். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது தூக்கம் கெட்டது ஹோண்டுராஸ் வீரர்களுக்கு. மைதானத்துக்கு அவர்களைக் கவச வண்டியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த நிலைமையில் யார் பந்தைப் பார்ப்பார்கள், உயிரைத்தான் பார்ப்பார்கள். எல் சால்வடார் 3-0. பார்க்க வந்திருந்த ஹோண்டுராஸ் ரசிகர்கள் அடிபட்டு எல்லையை நோக்கி ஓடினார்கள். அந்தச் செய்தி ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த சால்வடார்க்காரர்கள் மேல் அடி விழுந்தது.

இப்போதைய விதிப்படி இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டினால் 3-1, கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்றைய விதி அப்படியில்லை. ஆளுக்கொரு வெற்றி, கணக்கு சமம். எனவே மூன்றாவது ஆட்டம், பொது இடத்தில். ஜூன் கடைசி வாரம், மெக்சிகோ நகரின் ஆஸ்டெகா மைதானம். 90 நிமிடம் முடிந்தபோது 2-2. கூடுதல் நேரத்தில், 101-வது நிமிடத்தில், ‘பிப்போ’ என்று செல்லமாக அழைக்கப்படும் மவுரிசியோ ரொட்ரிகெஸ் குறுக்கே வந்த பந்தைச் சறுக்கிக்கொண்டே போய் உள்ளே தட்டினார். எல் சால்வடார் 3-2. (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.) ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி வீரர்களும் கட்டிப்பிடித்துக் கைகுலுக்கிவிட்டுத்தான் போனார்கள்.

கைகுலுக்காதவர்கள் அரசாங்கங்கள். அந்த ஆட்டத்தையொட்டியே எல் சால்வடார் தூதரக உறவை முறித்துக்கொண்டது. ஜூலை 14 மாலை அதன் விமானங்கள் டெகுசிகல்பா விமான நிலையத்தின் மேல் குண்டு போட்டன, தரைப்படை எல்லை தாண்டியது. சண்டை ஏறத்தாழ 100 மணி நேரம். அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டு நிறுத்தியது. அதற்குள் இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்பதுதான் பரவலான கணக்கு. பெரும்பாலோர் ஹோண்டுராஸ் கிராமத்துச் சாதாரண ஜனங்கள். நான்கே நாள் சண்டையில்!

கேள்வி: ஆட்டம் காரணம் இல்லை என்றால் எதுதான் காரணம்? சுருக்கமாகச் சொல்லவும். (ஒரு பள்ளி ஆசிரியர்)

நிலம். ஒரே சொல்லில் முடித்துவிட்டேன், ஆனால் சார், இதைச் சுருக்கினதால்தான் முதலில் தப்பு நடந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல் சால்வடார் சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். ஹோண்டுராஸ் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் 1969-ல் குட்டி நாட்டில் ஏறக்குறைய 37 லட்சம் பேர், பெரிய நாட்டில் 26 லட்சம். சரி, ஜன நெருக்கடி என்று விட்டுவிடலாமா? கூடாது. எல் சால்வடாரில் நல்ல நிலமெல்லாம் காப்பித் தோட்டங்களாகிச் சில குடும்பங்களின் கைக்குள் போயிருந்தது. ‘பதினான்கு குடும்பங்கள்’ என்றே அங்கே ஒரு வழக்கு உண்டு. 1880-களில் ஊர்ப் பொது நிலங்களைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1932-ல் குடியானவர்கள் எழுந்தபோது ராணுவம் ஆயிரக்கணக்கில் கொன்றது. உழ நிலம் இல்லாதவன் என்ன செய்வான்? எல்லையைத் தாண்டினான். அந்தப் பக்கம் அமெரிக்க வாழைத் தோட்டக் கம்பெனிகள் ஆள் தேடிக்கொண்டிருந்தன, மலைச்சரிவுகளில் கேட்பாரற்ற காடும் கிடந்தது. எல்லைக் கோடும் பல இடங்களில் சரியாகப் போடப்படாத கோடுதான். காட்டை வெட்டினான், சோளம் விதைத்தான், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினான், பிள்ளைகுட்டி பெற்றான். பட்டா மட்டும் வாங்கவில்லை. 1969 வாக்கில் இப்படி ஹோண்டுராஸில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அங்கே ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர்.

இனி அந்தப் பக்கத்துக் கதை. ஹோண்டுராஸிலும் நிலம் பெரிய பண்ணைக்காரர்களிடமும் வாழைக் கம்பெனிகளிடமும்தான் இருந்தது. உள்ளூர்க் குடியானவர்கள் ‘எங்களுக்கும் நிலம் வேண்டும்’ என்று கிளம்பிவிட்டார்கள். ஜனாதிபதி ஒஸ்வால்டோ லோபெஸ் அரெல்லானோ 1963-ல் ராணுவப் புரட்சியால் வந்தவர். வேலைநிறுத்தங்கள், விலைவாசி என்று அவருக்குத் தலைக்கு மேல் தொல்லை. போதாததற்கு மத்திய அமெரிக்கப் பொதுச் சந்தை (அந்த நாடுகளுக்குள் சுங்கவரி இல்லாத வியாபாரம்) என்று ஒன்று வந்ததில் சால்வடார் தொழிற்சாலைச் சரக்கு ஹோண்டுராஸ் கடைகளில் வந்து நிறைந்துவிட்டது. ஜனங்களுக்குக் கோபம். பண்ணைக்காரர் மேல் கை வைக்க முடியாது, கம்பெனி மேல் கை வைக்கவே முடியாது. நிலச்சீர்திருத்தச் சட்டம் ஒன்று 1962-லிருந்தே புத்தகத்தில் இருந்தது. அதில் ஒரு விதி: நிலம் பெற வேண்டுமானால் பிறப்பால் ஹோண்டுராஸ்காரனாக இருக்க வேண்டும். அந்த விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள். பண்ணையார்கள் சங்கமும் ‘நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவன் நான் இல்லை, அவன்தான்’ என்று சால்வடார்க்காரனைக் கை காட்டியது.

ஆசிரியரே, இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1969 ஜனவரியில், குடியேற்றம் பற்றி இரு நாடுகளுக்கும் இருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஹோண்டுராஸ் மறுத்தது. ஏப்ரலில் வெளியேற்ற அறிவிப்பு வந்தது. மே கடைசியில் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் எல்லைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டன. முதல் ஆட்டம் ஜூன் 8. நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே ஜனங்கள் சாலையில்தான் இருந்தார்கள்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பன் சால்வடாரில் பிறந்தவன், அம்மா ஹோண்டுராஸ்காரி, பிள்ளைகள் பிறந்தது ஹோண்டுராஸில். சோளம் ஓரடி வளர்ந்து நிற்கிறது. ‘நிலத்தை விட்டு எழுந்திரு’ என்று ஆள் வந்து நிற்கிறான். அந்தச் சோளத்தை இனி யார் அறுப்பது? அந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு நாடு இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஆட்டம் ஓடியபோது அந்த வீட்டில் யார் யாருக்காகக் கத்தியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

கேள்வி: அப்படியென்றால் கால்பந்து மேல் வீண் பழி என்கிறீர்களா?

‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். என் வயிற்றுப்பிழைப்பு இந்த ஆட்டத்தில்தானே. ஆனால் அவ்வளவு சுலபமாக விட முடியாது. பழம் கனிந்திருந்தது, சரி. இந்தக் காக்கை சும்மா வந்து உட்கார்ந்த காக்கை இல்லை, கொத்தியும் பார்த்தது.

நிலச் சட்டத்தின் எத்தனையாவது பிரிவு என்ன சொல்கிறது என்று கடைத்தெருவில் யாரும் சண்டை போடுவதில்லை. பொதுச் சந்தையில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது பொருளாதாரம் படித்தவர்கள் பாடு. 3-0 என்பது அப்படி இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், அவமானம் என்றால் என்ன என்று. மூன்று வாரத்தில் மூன்று ஆட்டம், ஒவ்வொன்றும் தேதி குறித்து வைத்த கோபம். தலைநகரில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்த சச்சரவை ஆட்டம் எல்லோர் வாயிலும் கொண்டுவந்து போட்டது. மிச்சத்தை இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் வானொலிகளும் பார்த்துக்கொண்டன. அடித்தார்கள், கொள்ளையடித்தார்கள், பெண்களை இழுத்தார்கள் என்று நடந்ததும் நடக்காததும் சேர்ந்து ஓடியது. எல் சால்வடார் அரசு ‘இனப்படுகொலை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. அதன் ஜனாதிபதி ஃபிடெல் சாஞ்செஸ் எர்னாண்டெஸுக்கும் வசதிதான். வீட்டுக்குள் நிலம் கேட்டுக் கத்தியவர்கள் எல்லாம் கொஞ்ச நாளுக்கு எல்லையைப் பார்த்துக் கத்தினார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே கூத்தாடிகள் இரண்டு பேர்.

பத்திரிகைக்காரர்களைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ‘கால்பந்துப் போர்’ என்று பெயர் வைத்தது வெளியூர்ப் பத்திரிகை உலகம். ஒரு போலந்துப் பத்திரிகையாளர் எழுதியதால் அந்தப் பெயர் உலகமெல்லாம் பரவி நின்றுவிட்டது. அந்த ஊரில் பலர் இதை ‘100 மணி நேரப் போர்’ என்றுதான் சொல்கிறார்கள். வித்தியாசம் பாருங்கள். ஒரு பெயரைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, இன்னொன்றைக் கேட்டால் வரவில்லை. என் துணுக்கு முப்பது வருஷம் ஓடியது அந்தச் சிரிப்பில்தான்.

இன்னொன்று. அதே வாரம், ஜூலை 16-ம் தேதி, அப்போலோ 11 நிலாவுக்குக் கிளம்பியது. உலகமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கீழே நடந்த சண்டை இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து, மூக்கில் காத்தாடி சுழலும் விமானங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுட்டுக்கொண்ட கடைசிச் சண்டை என்று விமானப் பிரியர்கள் இதை இன்றும் பேசுகிறார்கள். ஹோண்டுராஸ் விமானி ஃபெர்னாண்டோ சோடோ ஜூலை 17 அன்று ஒரே நாளில் மூன்று விமானங்களை வீழ்த்தினார். மேலே நிலாப் பயணம், கீழே காத்தாடி விமானம்.

கேள்வி: பக்கத்து நாடுகள் என்றாலே மைதானத்தில் இப்படித்தானா? வேறு உதாரணம் உண்டா?

உண்டு, எல்லாம் ரத்தத்தில் முடிவதில்லை. நெதர்லாந்து, ஜெர்மனி. 1988 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். 88-வது நிமிடத்தில் மார்கோ வான் பாஸ்டன் அடித்த கோலில் நெதர்லாந்து 2-1. நாடே தெருவுக்கு வந்து ஆடியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் டச்சுக்காரர்களின் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டது. ‘எங்கள் பாட்டியின் சைக்கிள் கிடைத்துவிட்டது’ என்பது போன்ற கேலிதான் அங்கே ரசிகர்களின் ஆயுதம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, இரண்டு பக்கமும் வயிறு நிறைந்திருந்தது, எல்லையில் யாருக்கும் நிலத் தகராறு இல்லை. அதனால் பழைய காயம் கிண்டலாக வெளியே வந்தது. சால்வடார்க்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் காயம் அந்த வாரத்துக் காயம்.

கேள்வி: பகை நாடுகளை ஒரே பிரிவில் சேர்க்காமலே இருந்தால் என்ன?

சேர்த்து வைத்துவிட்டு முழித்ததும் உண்டு. 2008 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில், நகோர்னோ-கராபாக் என்ற மலைப்பகுதி யாருக்கு என்று தகராறில் இருந்த ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் ஒரே பிரிவில் விழுந்தன. இரண்டு ஆட்டங்களும் ரத்து. நிலத் தகராறு அப்படியே இருந்தது, ஆட்டம் மட்டும் நடக்கவில்லை. என் கட்சி: ஆட்டம் நடக்கட்டும், பொது ஊரில் நடக்கட்டும்.

கேள்வி: திரும்பிப் போன சால்வடார்க்காரர்கள் என்ன ஆனார்கள்? (ஓய்வு பெற்ற கிராம அலுவலர்)

ஐயா, உங்கள் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நிலம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி.

பத்தாயிரக்கணக்கில் திரும்பினார்கள். எங்கே? எந்த நிலம் இல்லை என்று கிளம்பினார்களோ அதே இடத்துக்கு. ஆட்டத்தில் ஜெயித்த நாடு, போரில் எல்லை தாண்டி நுவேவா ஒகொடெபெக்கே ஊரைப் பிடித்த நாடு. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் படையைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்த ஜனங்களுக்குக் கொடுக்க ஒரு காணி நிலம் இல்லை. அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் பத்து வருஷத்தில் எல் சால்வடாரை உள்நாட்டுப் போரில் தள்ளியது. அது 1992 வரை நீண்டது.

1980 மே 14-ம் தேதி. இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடும் சும்புல் ஆறு. சால்வடார் ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்த குடியானவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். அக்கரையில் ஹோண்டுராஸ் சிப்பாய்கள் ஏற விடவில்லை. இக்கரையில் துப்பாக்கி. குறைந்தது 300 பேர் செத்தார்கள் என்று ஐ.நா. உண்மை அறியும் ஆணையம் பின்னால் பதிவு செய்தது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட இரண்டு ராணுவங்கள்! அன்றைக்கு அவற்றுக்குள் எந்தப் பகையும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு அரசாங்கங்களும் லிமாவில் சமாதான ஒப்பந்தம் போட்டது அதே வருஷம் அக்டோபர் 30-ல். எல்லைக் கோட்டை சர்வதேச நீதிமன்றம் 1992-ல்தான் தீர்த்துவைத்தது. தகராறு நிலத்தில் பெரும்பகுதி ஹோண்டுராஸுக்குப் போனது.

கேள்வி: அதற்கப்புறம் இந்த இரண்டு அணிகளும் உலகக் கோப்பைக்காக மோதவே இல்லையா?

மோதின. இதற்காகத்தான் பிப்போவை நினைவில் வைக்கச் சொன்னேன்.

முதலில் 1970-ஐ முடித்துவிடுவோம். அவ்வளவு பாடுபட்டு மெக்சிகோ போன எல் சால்வடார் அங்கே மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

1981 நவம்பர். ஸ்பெயின் உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்று. ஆறு நாடுகள், எல்லா ஆட்டமும் ஒரே ஊரில். எந்த ஊர்? டெகுசிகல்பா. அதே டெகுசிகல்பா. எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் எரிந்துகொண்டிருக்க, அந்த அணி பழைய எதிரியின் தலைநகரில் வந்து இறங்கியது. பயிற்சியாளர் யார் தெரியுமா? மவுரிசியோ ‘பிப்போ’ ரொட்ரிகெஸ். 101-வது நிமிடத்து ஆள்.

முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு ஸ்பெயின் டிக்கெட். ஹோண்டுராஸும் எல் சால்வடாரும் மோதிய ஆட்டம் 0-0. ஹோண்டுராஸ் தன் இடத்தை உறுதி செய்துகொண்டுவிட்டது. மிச்சம் ஒரே ஆட்டம், ஹோண்டுராஸ், மெக்சிகோ. மெக்சிகோ ஜெயித்தால் மெக்சிகோ போகும். ஜெயிக்காவிட்டால் எல் சால்வடார் போகும். ஹோண்டுராஸுக்கு அந்த ஆட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. காலை ஆட்டிக்கொண்டு தோற்றிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குண்டு போட்டவர்களைப் பழிவாங்க இதைவிட மலிவான வழி கிடைக்காது.

90 நிமிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. 0-0. மெக்சிகோ வீட்டுக்குப் போனது, எல் சால்வடார் ஸ்பெயினுக்குப் போனது.

அங்கே ஹங்கேரியிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை. அந்த ஒரு கோல்தான் உலகக் கோப்பையில் எல் சால்வடார் இதுவரை அடித்த ஒரே கோல். ஹோண்டுராஸ் தன் முதல் ஆட்டத்திலேயே, போட்டியை நடத்திய ஸ்பெயினை 1-1 என்று நிறுத்தி வைத்தது.

கேள்வி: புதிர் பக்கத்தில் விடையைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?

கேள்வியையே திருத்திவிட்டேன். அடுத்த இதழில் ஆறாவது கேள்வி இப்படி வரும்: ‘1981-ல் எந்த நாடு மெக்சிகோவுடன் டிரா செய்ததால் எல் சால்வடாருக்கு உலகக் கோப்பையில் இடம் கிடைத்தது?’ விடை மேலே இருக்கிறது. நேராகக் கடைசி பதிலுக்கு வந்து நிற்பவர்கள் தயவுசெய்து திரும்பிப் போய்ப் படிக்கவும்.